நாற்பது தாள்களில் நான் துடைத்த காலடிகள்

ரேவதி, செந்தில், உங்கள் இரண்டு பேருக்கும், உங்களோடு வந்து உட்கார்ந்து கதை கேட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த மறுநாள் நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அணில் நம் ஊர் அணிலைவிட இரண்டு பங்கு இருக்கும், முதுகில் கோடு கிடையாது என்றேன். ரோட்டில் ஹாரன் சத்தமே இல்லை என்றேன். அப்போது ரேவதி, "சீனாக்காரங்க படமெல்லாம் அப்பா பாத்தாங்கன்னு அத்தை போன்ல சொன்னாங்களே, அது எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சும்மா படம்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அது பொய். அந்தப் பொய்யைத்தான் இப்போது சரி செய்யப் பார்க்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சிவகாசி அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் இருபது வருடமாக நிற்கிறேன். அப்படிப்பட்டவன் விமானம் ஏறியதற்குக் காரணம் என் மடி. என் தங்கை மகள் நித்யாவுக்கு ஐந்து வயது ஆகியும் காது குத்தவில்லை. "தாய்மாமன் மடியில உக்காத்தி வச்சுத்தான் குத்தணும், இல்லன்னா குத்தவே வேண்டாம்" என்று உங்கள் வசந்தா அத்தை பிடிவாதம் பிடித்தாள். மாப்பிள்ளை பாஸ்கர் போனில், "மச்சான், உங்க மடிக்குத்தான் நாங்க விசா ஸ்பான்சர் பண்ணியிருக்கோம், நீங்க சும்மா கூட வர்றீங்க" என்று சிரித்தார்.

முதல் நாள். நியூவார்க் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறந்து கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொருவரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். "ஸ்வீட், ஸ்வீட்" என்றேன். எனக்கு அப்போது ஞாபகம் வந்த ஒரே இங்கிலீஷ் அதுதான். சாத்தூர் சேவுப் பொட்டலத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். கடைசியில் இரண்டையும் திருப்பி உள்ளே வைத்தார். நான் கட்டியிருந்ததைவிட ஒழுங்காக வைத்தார்.

எடிசன் என்ற ஊரில் வீடு. மூன்று மாடி, வரிசையாக ஒரே மாதிரி கதவுகள். எந்தக் கதவுக்குப் பின்னாலும் ஆள் இருப்பது போலத் தெரியாது.

இரண்டாம் நாள் ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. வசந்தாவும் பாஸ்கரும் வேலைக்குப் போயிருந்தார்கள், நித்யா பள்ளிக்கூடம். சாயங்காலம் வருகிறவர்களுக்கு ஒரு துவையல் அரைத்து வைப்போமே என்று எண்ணெய் ஊற்றி மிளகாய் வற்றலை வறுத்தேன். கூரையில் ஒட்டியிருந்த, புகை பட்டால் கத்தும் வெள்ளை டப்பா அலற ஆரம்பித்தது. துண்டை வீசினேன், நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கதவுகள் எல்லாம் திறந்து அத்தனை பேரும் குளிரில் வெளியே நின்றார்கள். தலைக்கவசம் போட்ட ஆறடி மனிதர் ஒருவர் நம் இரும்புக் கடாயைத் தூக்கிக்கொண்டு இருமிக்கொண்டே வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர் ஊற்றியது அவருக்கு.

"மச்சான், நாலு வருஷமா இந்த அப்பார்ட்மென்ட்ல யாருக்கும் எங்க பேரு தெரியாது. இனிமே எல்லாருக்கும் தெரியும்" என்றார் பாஸ்கர்.

வசந்தா சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து நீங்க என்கூட வேலைக்கு வந்துருங்கண்ணே. ஒரு ஓரமா உக்காந்திருங்க. எதையும் தொடாதீங்க."

கடைசி வார்த்தையை அவள் சொன்னாள் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். சொல்லவில்லை என்று நான் பிறகு மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். சொன்னாள்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வசந்தாவுக்கு வேலை கிடைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஆறு வருடம் வீட்டில் இருந்தவள். கிரீன் கார்டு வந்ததும் பக்கத்தில் ஒரு கல்லூரியில், படங்களைக் காட்சிக்கு வைக்கும் கட்டடத்தில், டைப் அடித்து போன் எடுக்கும் வேலை. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "குட் மார்னிங், மே ஐ ஹெல்ப் யூ" என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

கதவைத் திறந்துவிட்டவர் ரேமண்ட். கட்டடத்தைச் சுத்தம் செய்பவர். அறுபது வயது இருக்கும், கறுப்பினத்தவர், நல்ல உயரம். விமானத்தில் பக்கத்தில் வந்த ஒருவர் இவர்களைப் பற்றி என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார். நான் அதை நம்பிக்கொண்டு என் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்தேன். ரேமண்ட் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, என் இன்னொரு கையில் இருந்த குடையை வாங்கி மாட்டி வைத்தார்.

வெள்ளிக்கிழமை தொடங்கப் போவது இந்தக் காலத்துச் சீன ஓவியர்களின் காட்சி. ரேமண்ட்தான் எனக்கு அறை அறையாகக் காட்டினார். அவர் பேச்சில் பாதி புரிந்தது, மீதியைக் கையால் காட்டினார்.

பிள்ளைகளே, ஓர் அறையில் மேலிருந்து கீழே தொங்கும் நீளப் படம். கறுப்பு மையால் வரைந்த மலை, மேகம், அருவி. வாசலில் நின்று பார்த்தால் ஆயிரம் வருடத்துக்கு முந்திய படம் என்பீர்கள். ரேமண்ட் என் தோளைத் தொட்டுப் பக்கத்தில் தள்ளினார். கிட்டே போனால் மலையே இல்லை! சின்னச் சின்ன மாடி வீடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மலையாக்கியிருக்கிறார் ஓவியர். மேகம் என்று நினைத்தது புகைபோக்கிப் புகை. அருவி என்று நினைத்தது லாரி வரிசை. அடுத்த அறையில் ராஜா வீட்டுச் சாமான் போல நீலப் பூ வேலை செய்த பீங்கான்கள். ஆனால் ஜாடி இல்லை. டெலிபோன், ரப்பர் செருப்பு, கேஸ் சிலிண்டர்!

நம் அச்சகத்தில் காலண்டர் முருகனுக்கு இருபது வருடமாக அதே முகம்தான். பழையதை அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் பழைய தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டே அதோடு சண்டை போடுகிறார்கள். இதையெல்லாம் பார்த்து, எனக்குப் படம் பார்க்கத் தெரிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

மத்தியானம் ரேமண்ட் அவர் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே பன்றிக்கறி. எனக்கு அது ஆகாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" என்றேன். அவர் போனதும் கறியை மட்டும் உருவி, கடைசி அறை வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த அறையில் சுவரில் ஒன்றும் இல்லை. தரையில் எட்டெட்டாக ஐந்து வரிசை, நாற்பது தாள்கள். பின்னால் துணி ஒட்டிய, கையால் செய்த நல்ல தாள். ஒவ்வொன்றிலும் தூரிகையால் எழுதிய பெரிய பெரிய சீன எழுத்துகள். எல்லாவற்றின் மேலும் காலடி. பூட்ஸ் தடம், குதிகால் தடம், சின்னப் பிள்ளைகள் தடம்கூட.

என்ன எழுத்தாக இருந்தால் என்ன, எழுத்து எழுத்துதானே? உங்கள் நோட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி நான்தானே பழக்கியிருக்கிறேன். படத்தைக் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள் வைக்க இடமில்லாமல் தரையில் பரப்பி, மேலேயே நடந்து போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க இங்கிலீஷ் இல்லை என்பது உண்மை. ஆனால் முன்னறையில் என் தங்கை இருந்தாள்.

அச்சகத்தில் காகிதத்தில் கை அழுக்குப் பட்டால் ரொட்டியின் மெத்தென்ற நடுப் பகுதியை உருட்டி ஒற்றி எடுப்போம். காகிதம் கெடாது, அழுக்கு மட்டும் வந்துவிடும். ரேமண்ட் கொடுத்த ரொட்டி கையில் இருந்தது. மண்டி போட்டு உட்கார்ந்து முதல் தாளில் தொடங்கினேன். நன்றாக வந்தது. ரொட்டி தீர்ந்ததும் தோளில் கிடந்த துண்டின் நுனியால் துடைத்தேன். ஒவ்வொரு தாளையும் துடைத்து, கண்ணில் ஒற்றி, அடுக்கினேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் நாலு பக்கமும் தட்டிச் சமன் செய்து, நாற்பதையும் ஜன்னலோரப் பெஞ்சின்மேல் வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்து முதல் முதலாக ஓர் உருப்படியான வேலை செய்தோம் என்று நெஞ்சு நிறைந்து வெளியே வந்து உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு அந்தக் கட்டடத்தின் தலைவி வந்தார். கடைசி அறைக்குள் போனவர் கத்திய கத்தலில் வசந்தா ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

தலைவி பேசப் பேச வசந்தாவின் முகம் வெளுத்தது. அவர் சொன்னதை அவள் பிறகு எனக்கு விளக்கினாள். அந்தத் தாள்கள் அப்படி மிதிபடத்தான் விரிக்கப்பட்டவை. அதுதான் படம். லின் என்ற ஒரு சீனப் பெண்மணி எழுதியது. இரண்டு வருடம் ஊர் ஊராகத் தரையில் விரித்து, பார்க்க வந்தவர்களை எல்லாம் மேலே நடக்க வைத்துச் சேர்த்த காலடிகள். அதை விளக்கும் அட்டை, டைப் அடிப்பதற்காக வசந்தாவின் மேசையில் இருந்தது.

தலைவி குனிந்து தரையிலிருந்து ரொட்டித் துணுக்கைப் பொறுக்கினார். குப்பைத்தொட்டியில் இருந்த பன்றிக்கறியைப் பார்த்தார். "ரேமண்ட்!" என்று கூப்பிட்டார்.

வசந்தா பெஞ்சைப் பார்த்தாள். நாலு ஓரமும் கத்தி வைத்து வெட்டினாற்போல நிற்கும் அந்த அடுக்கைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் எனக்குச் சோறு கொண்டுவந்து அச்சகத்தில் காத்திருந்தவள் அல்லவா. என் பக்கம் திரும்பாமல், தமிழில், மெதுவாக, "வாயத் தொறக்காதீங்கண்ணே. என் வேலை போயிரும்" என்றாள்.

தலைவி என்னவென்று கேட்க, "பயந்துட்டாரு, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னாள். அது எனக்குப் புரிந்தது.

ரேமண்ட் வந்தார். "இங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?" என்று தலைவி கேட்டார். "படங்கள் இருக்கிற அறையில் நான் சாப்பிடுவதில்லை அம்மா. ஒரு நாளும் இல்லை" என்றார் ரேமண்ட். "அப்படியானால் இது யார் ரொட்டி?"

ரேமண்ட் அந்தத் துணுக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாதி ரொட்டி யார் கைக்குப் போனது என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது அம்மா" என்றார் அவர்.

நல்ல வேளை என்று நினைத்தேன், பிள்ளைகளே. இப்படித்தான் நினைத்தேன். வேறு மாதிரி எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும்.

நான்காம் நாள் ரேமண்ட் அந்தக் கட்டடத்தில் இல்லை. விசாரித்து முடிக்கும் வரை விளையாட்டுக் கூடத்துக் கக்கூஸ்களைக் கழுவ அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு வேலை இருக்குமோ இருக்காதோ, ஓவியர் வந்து என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்தது என்று வசந்தா சொன்னாள். அன்று காரில் வீட்டுக்கு வரும்போது எங்களுக்குள் சண்டை.

"நான் போய்ச் சொல்லிர்றேன்."

"சொல்லி? உங்கள உள்ள கூட்டிட்டு வந்தது யாருன்னு கேப்பாங்க. என்னை ஃபயர் பண்ணுவாங்க. ஆறு வருஷம்ணே. ஆறு வருஷம் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"அந்த மனுஷன்?"

"அவரு பெர்மனென்ட். யூனியன் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

யூனியன் இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று எனக்கும் தெரியும். பின்சீட்டிலிருந்து நித்யா, "ஒய் ஆர் யூ கைஸ் ஃபைட்டிங்?" என்றாள். "ஃபைட் இல்லடா கண்ணு, மாமா சத்தமா பேசுறாங்க" என்றாள் வசந்தா. நானும் அதோடு விட்டுவிட்டேன். ராத்திரி சோறு இறங்கியது. அதுவும் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் லின் வந்தார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, குட்டை முடி, மை படிந்த நகம். அழவில்லை, கத்தவில்லை. பெஞ்சின் முன்னால் நின்று அடுக்கை விரலால் தடவினார். ஓர் ஓரத்தை வளைத்து விசிறி போல விரித்துப் பார்த்தார். தலைவியிடம் ஏதோ கேட்டார். வசந்தா என் காதில் சொன்னாள்: "துடைக்கிறவங்க இப்படி அடுக்க மாட்டாங்களாம். இது காகிதத் தொழில் பாக்கிற கையாம். இங்க யாரு அப்படின்னு கேக்கிறாங்க."

அப்போதுதான் நான் முன்னால் போனேன். "மீ" என்றேன். பிடிபடப் போகிற நேரத்தில் சொன்னதை உண்மை சொன்னேன் என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ள முடியாது. ரேமண்டுக்காக இரண்டு நாளில் வராத அந்த ஒற்றைச் சொல், எனக்கு வேறு வழி இல்லாதபோது வந்தது.

வசந்தா ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு எனக்காக எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்தை மிதிக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் வளர்த்தார்கள் என்பதையும் சொன்னாள்.

லின் சொன்னதை அவள் தமிழில் சொன்னபடி எழுதுகிறேன். "எங்கள் ஊரிலும் அப்படித்தான். எழுதிய காகிதத்தைக் குப்பையில் போட மாட்டார்கள். தனிக் கூடையில் சேர்த்து, அதற்கென்று கட்டிய அடுப்பில் எரிப்பார்கள். என் அப்பா நாள் முழுக்க மை அரைத்து எழுதுகிறவர். எனக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு வருடம், பழையதை எல்லாம் ஒழிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அப்பா எழுதியவற்றைத் தெருவில் கொட்டி எல்லோரையும் மிதிக்கச் சொன்னார்கள். நானும் மிதித்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்."

லின் அந்த அடுக்கைத் தொட்டார். பிறகு, "அவர் எழுதிய வாசகங்களைத்தான் ஞாபகத்திலிருந்து இதில் எழுதியிருக்கிறேன். முதல் தாளில் முதல் காலடி என்னுடையது. அதையும் துடைத்துவிட்டீர்கள்" என்றார்.

நான் கை கூப்பினேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்கள் செய்தது மரியாதை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் இந்தத் தாளுக்கு நான் மரியாதை கேட்கவில்லை" என்றார்.

அன்று மத்தியானம் அவரே தாள்களைப் பழைய வரிசையில் விரித்தார். துடைத்ததையும் ரொட்டியையும் பற்றி அட்டையில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னார். காட்சியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விரித்து முடித்ததும் முதல் தாளின் மேல் ஏறி நடந்தார். கடைசித் தாளில் நின்று திரும்பி, என்னைப் பார்த்து வா என்று கையசைத்தார். நான் ஷூவைக் கழற்றக் குனிந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பாஸ்கரின் ஷூ அது, ஒரு விரற்கடை பெரியது. முதல் தாளில் கால் வைத்தபோது உடம்பு கூசியது. நாற்பதையும் மிதித்துக் கடந்தேன். பாதியில் வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவி வசந்தாவை வேலையை விட்டு நீக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார், அவ்வளவுதான். ரேமண்ட் விஷயம் என்ன என்று தலைவியிடம் கேட்கச் சொன்னேன். "நான் பேசிக்கொள்கிறேன்" என்றார்.

சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, எடிசனில் ஒரு நகைக்கடையில் காது குத்தினோம். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, டக்கென்று ஒரு சத்தம். நித்யா அழுது என் மடியை நனைத்தாள். "மாமா, யூ செட் இட் வோன்ட் ஹர்ட்!" என்றாள். பாஸ்கர் போட்டோ எடுத்தார். நீங்கள் பார்த்த போட்டோ அதுதான். அதில் நான் ஏன் சிரிக்கவில்லை என்று செந்தில் கேட்டான் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பினேன். வசந்தாதான் காரில் கொண்டுபோய் விட்டாள். வழியில் கல்லூரிக்குள் வண்டியைத் திருப்பினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. விளையாட்டுக் கூடத்தின் பின்பக்கம் நிறுத்தினாள். அங்கே ரேமண்ட் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கறுப்புப் பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை போலிருக்கிறது. அல்லது கூப்பிட்டும் அவர் வரவில்லையோ என்னவோ. கேட்டால் தெரிந்திருக்கும்.

"எறங்குறீங்களாண்ணே? நானும் வர்றேன். நான்தான் மொதல்ல சொல்லணும்" என்றாள் வசந்தா. அவள் கை கதவின்மேல் இருந்தது.

விமானத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவர் நின்ற இடம் நாற்பது அடி தூரம்கூட இருக்காது. தாள்களை மிதித்துக் கடந்தவனுக்கு அந்த நாற்பது அடி முடியவில்லை. அவர் முகத்துக்கு நேராக நின்று என்ன சொல்வது? ஸாரி என்ற சொல் எனக்குத் தெரியும்.

"ஃப்ளைட்டுக்கு நேரமாயிரும், போம்மா" என்றேன்.

வசந்தா வண்டியை எடுத்தாள். சத்தம் கேட்டு ரேமண்ட் நிமிர்ந்தார். கார்க் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தி ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்.